ஆகஸ்ட்டில் ஆட்டமே இல்லை, அணியை எப்படிப் பின்தொடர்வது?

சிப்புட் ரசிகன் கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்புட்டில் நாங்கள் ஐந்து பேர், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஐயோவா ஹாக்கைஸ் அணியைப் போன பருவத்தின் பாதியிலிருந்து பார்க்கிறோம். நம்ம ஊர் காற்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடுவது. இந்த முறை முதல் நாளிலிருந்தே முறையாகப் பின்தொடர ஆசை.

பிரீமியர் லீக் என்றால் ஜூலையிலேயே நட்பு ஆட்டங்கள் வந்துவிடும், புது ஆள் எப்படி ஆடுகிறான் என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். இங்கே முதல் ஆட்டம் வரைக்கும் ஒன்றுமே காணோம். பயிற்சிச் செய்தி மட்டும் தினமும் வருகிறது, எல்லா ஆட்டக்காரனும் பிரமாதம் என்கிறார்கள். எதை நம்புவது, எதைத் தள்ளுவது? ஏபி (அசோசியேட்டட் பிரஸ்) செய்தி நிறுவனத்தின் தரவரிசையை எவ்வளவு மதிக்கலாம்? நேரக் கணக்கும் சொல்லுங்கள். பாதிப் பேர் செம்பனைத் தோட்டத்தில் வேலை. ஞாயிறு பெரட்டு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்பு) இல்லை, அதனால் விடியற்காலை ஆட்டம் பரவாயில்லை.

ஈப்போ அண்ணன்:

தம்பி, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட்டில் வேறு பல்கலைக்கழகத்தோடு நட்பு ஆட்டம் கிடையாது. முதல் ஆட்டமே கணக்கில் சேரும் ஆட்டம். ஒரு பருவத்துக்கு வழக்கமான ஆட்டங்கள் 12தான், அதில் ஒன்று தோற்றாலும் வலிக்கும். அதனால் அந்த ஒரு மாதம் நமக்குப் பார்க்கிற மாதம் இல்லை, படிக்கிற மாதம். பயிற்சியின் விதிகள் தெரிந்தால் செய்தியை எடைபோடத் தெரியும்.

முதல் ஆட்டத்துக்கு முன் மொத்தம் 25 பயிற்சிகள்தான் அனுமதி. ஒரே நாளில் இரண்டு முறை முழுப் பயிற்சி செய்யும் பழைய வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டது. 2021இல் மேலும் இறுக்கினார்கள்: முழு மோதல் உள்ள பயிற்சி அதிகபட்சம் 9, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது, ஒரு பயிற்சிக்குள் மோதல் 75 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஸ்கிரிமேஜ் எனப்படும் உள் ஆட்டம் இரண்டு மட்டும். முதல் 7 நாள் உடம்பு வெயிலுக்குப் பழகுவதற்கு. ஆரம்பத்தில் வெறும் ஹெல்மெட், பிறகு தோள் பேட், அந்த வாரக் கடைசியில்தான் முழு உடுப்பு.

இது ஏன் ரசிகனுக்கு முக்கியம்? முதல் வாரத்தில் யாரும் யாரையும் மோதி வீழ்த்த முடியாது. பந்தை எறிகிறவனும் பிடிக்கிறவனும் மட்டும்தான் தங்கள் வேலையை முழுசாகச் செய்கிறார்கள். அதனால் முதல் வாரச் செய்தி முழுக்க குவாட்டர்பேக்கும் ரிசீவரும் ஜொலிக்கிறார்கள் என்றே இருக்கும். அதைத் தள்ளிவிடுங்கள். ஆஃபென்சிவ் லைன் (தாக்குதலின் முன்வரிசை), டிஃபென்சிவ் லைன் (தற்காப்பின் முன்வரிசை), ரன்னிங் பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்) பற்றி இரண்டாம் வாரத்துக்கு முன் யார் என்ன எழுதினாலும் அது ஊகம். ஐயோவாவுக்கு இது இரட்டிப்பு உண்மை. 1999இல் கெர்க் ஃபெரன்ட்ஸ் தலைமைப் பயிற்சியாளராக வந்ததிலிருந்து அந்த அணியின் உயிர் லைனில்தான் இருக்கிறது. 2016இல் நாட்டின் சிறந்த ஆஃபென்சிவ் லைனுக்கான ஜோ மோர் விருது வாங்கிய அணி அது.

ஸ்கிரிமேஜ் எண்களிலும் ஏமாறாதீர்கள். குவாட்டர்பேக்கை அங்கே யாரும் தள்ளி வீழ்த்துவதில்லை, தொடும் தூரத்துக்கு வந்தாலே விசில். நிஜ ஆட்டத்தில் நழுவித் தப்பியிருப்பானா என்று நடுவர் ஊகிப்பதுதான் அந்த ‘சேக்’ (பந்தை எறிவதற்குள் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எண். தவிர, முதல் அணி இரண்டாம் அணியோடு மோதியதா, முதல் அணியோடேயா என்று சொல்லாமல் “மூன்று டச் டவுன்” என்று மட்டும் எழுதினால் அதில் ஒன்றுமில்லை.

நம்ப வேண்டியது இதுதான்: யார் எந்தக் குழுவோடு நின்றான், யார் நிற்கவே இல்லை. நிருபர்களைப் பெரும்பாலும் ஆரம்பச் சில நிமிடங்கள் மட்டுமே உள்ளே விடுவார்கள். அப்போது அவர்கள் கண்ணால் பார்த்து எழுதும் வருகைப் பட்டியல்தான் பொன். ஒருவன் ஓரமாகச் சைக்கிள் மிதிக்கிறான், மோதக் கூடாது என்று வேறு நிறச் சட்டை போட்டிருக்கிறான், லைனின் இடது ஓரத்து ஆள் (டேக்கிள்) இன்று உள்ளே வலது கார்டு இடத்தில் நின்றான், இந்த மாதிரி. பயிற்சியாளரின் பாராட்டைவிட இந்த ஒரு வரி பெரிது.

கோலகங்சார் அக்கா:

அண்ணன் சொன்னதோட ஒரு தாளும் போட்டுக்கோங்க தம்பி. ஐந்து பேரும் ஒரே தாளைப் பகிர்ந்தா இன்னும் நல்லது.

26 வரிசை. தாக்குதலுக்கு 11, தற்காப்புக்கு 11, அப்புறம் கிக்கர் (புள்ளிக்காக உதைக்கிறவர்), பன்ட்டர் (பந்தை எதிரணிப் பக்கம் தூரமா உதைச்சு விடுறவர்), லாங் ஸ்னாப்பர் (உதைக்கிறதுக்காகப் பந்தைப் பின்னால எறியுறவர்), பந்தைத் திருப்பி ஓடுறவர். ஒவ்வொரு வரிசையிலும் போன வருஷம் யார், எத்தனை ஆட்டம் ஆரம்பத்திலிருந்து ஆடினார், இருக்காரா போயிட்டாரா, பதிலுக்கு யார். கடைசிக் கட்டத்துல ஒரே கேள்வி: ‘இவர் அடிபட்டா அடுத்தவர் யார்?’ அதுக்குப் பதில் எழுத முடியாத வரிசையைச் சிவப்பு பண்ணுங்க. ஆகஸ்ட் முழுக்க உங்க கண்ணு அந்தச் சிவப்பு மேலதான் இருக்கணும். ஒரு நட்சத்திரம் இன்னிக்கு நாலு பந்து பிடிச்சாருங்கிறது செய்தியே இல்லை. சிவப்பு வரிசையில ரெண்டாவது ஆள் முதல் முறையா முதல் குழுவோட நின்னாருன்னா, அது செய்தி.

போன வருஷப் பட்டியலை அப்படியே வச்சுத் தொடங்காதீங்க. 2018 அக்டோபர்ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேற பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புறவங்க பேர் கொடுக்கிற பட்டியல்) வந்ததிலிருந்து குளிர்காலத்துலயே பாதி முகம் மாறிடுது. 2025லிருந்து, ஆட்டக்காரங்களுக்குப் பல்கலைக்கழகமே பணம் தரலாம்னு வந்த நீதிமன்ற உடன்பாட்டை ஏத்துக்கிட்ட பல்கலைக்கழகங்களுக்கு, அணியில 105 பேர்ங்கிற வரம்பும் வந்துச்சு. முன்ன உதவித்தொகை இல்லாம சேர்ந்து அஞ்சு வருஷம் உழைச்சு மேல வந்த பையன்களுக்கு இடம் குறையுது. ஐயோவா மாதிரி அவங்களை வளர்த்தே பேர் வாங்கின அணிக்கு இது உண்மையிலேயே இழப்பு.

எண்ணை வச்சு ஆளைச் சொல்லாதீங்க. கல்லூரி ஆட்டத்துல ஒரே எண்ணை ரெண்டு பேர் போடலாம், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல களத்துல நிக்கக் கூடாது, அவ்வளவுதான். 2020லிருந்து 0 எண்ணும் உண்டு. பயிற்சிப் படத்துல 3ஆம் எண்ணைப் பார்த்து ‘நம்ம ரிசீவர் குணமாயிட்டார்’னு எழுதுவாங்க, பார்த்தா அது தற்காப்புல இருக்கிற வேற பையன். பேன்ட் நிறம், பக்கத்துல நிக்கிற பயிற்சியாளர், ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஆஃபென்சிவ் லைன் ஆளுங்க மட்டும் சுலபம், 50லிருந்து 79க்குள்ள இருப்பாங்க.

பன்ட்டர் வரிசையை ஐயோவா ரசிகர் அலட்சியம் பண்ணவே கூடாது. மெல்பர்ன்ல இருந்து வந்த டோரி டெய்லர் 2023ல ஒரே பருவத்துல 4,479 கெஜம் உதைச்சு, 1938லிருந்து நின்ன சாதனையை முறியடிச்சார். எதிரணி எங்கிருந்து ஆரம்பிக்குதுங்கிறதை அவர் கால்தான் தீர்மானிச்சது. இன்னொண்ணு, கிக்கருக்குப் பந்தைப் பிடிச்சு வைக்கிறதும் பல அணிகள்ல பன்ட்டர்தான். ஸ்னாப்பிலிருந்து உதை வரைக்கும் சுமார் 1.3 வினாடி. பன்ட்டர் மாறினா ஸ்னாப்பர், பிடிக்கிறவர், கிக்கர்னு அந்த மூணு பேர் தாளமும் புதுசா அமையணும். பழைய கிக்கர் இருக்காரேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

சிப்புட் ரசிகன்:

அக்கா, தாளை இன்றைக்கே ஆரம்பிக்கிறோம். எந்த இடத்துக்கு முதல் ஆள் யார், அடுத்த ஆள் யார் என்று, டெப்த் சார்ட் என்ற பெயரில் அணியே ஒரு பட்டியல் விடுகிறதே, அது போதாதா? சில இடத்தில் இரண்டு பெயருக்கு நடுவில் ‘அல்லது’ போட்டிருக்கிறார்கள். தற்காப்பில் லியோ, கேஷ் என்று இரண்டு பெயர் வேறு.

ஈப்போ அண்ணன்:

டெப்த் சார்ட் வெளியிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பல அணிகள் விடுவதே இல்லை. ஐயோவா விடும் வழக்கம் உள்ள அணி. ஆனால் கோடைப் பட்டியலை அந்த நாளின் படமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவனை எடுத்ததும் மேலே எழுத மாட்டார்கள், மூத்தவனுக்கு மரியாதை கொடுத்துத்தான் எழுதுவார்கள். ‘அல்லது’ போட்டால் போட்டி முடியவில்லை என்று பொருள், சில நேரம் இரண்டு பேரும் மாறி மாறி ஆடுவார்கள் என்றும் பொருள். குவாட்டர்பேக் இடத்தில் ‘அல்லது’ ஆகஸ்ட் கடைசி வரை நின்றால் கவலைப்படுங்கள், முதல் குழுவோடு செய்ய வேண்டிய பயிற்சி இரண்டாகப் பிரிந்து போகிறது. கார்டு இடத்தில் நின்றால் கவலை இல்லை.

லியோவும் கேஷும் ஒரே இடத்துக்கான இரண்டு தீர்வு. லியோ ஒரு லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் தற்காப்பாளர். கேஷ் ஐந்தாவது பின்வரிசைத் தற்காப்பாளர். எதிரணி கனமான ஆட்களை இறக்கினால் லியோ, ரிசீவர்களைப் பரப்பினால் லியோ வெளியேறி கேஷ் உள்ளே. இன்றைக்கு எல்லா அணியும் பரப்புவதால் கேஷ்தான் பெரும்பாலான நேரம் களத்தில். பட்டியலில் அவனைப் பன்னிரண்டாவது ஆளாக நினைக்காதீர்கள். தாளில் அந்த வரிசையை இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள், 27 ஆகட்டும்.

ஏபி தரவரிசை ஆகஸ்ட் நடுவில் வரும். வாக்களிக்கும் பத்திரிகையாளர் ஒவ்வொருவரும் 25 அணிகளை எழுத, முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசிக்கு 1. பருவத் தொடக்கப் பட்டியல் 1950லிருந்து வருகிறது. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு அணிகளைத் தேர்வு செய்யும் குழுவுக்கு இதோடு தொடர்பில்லை, அவர்கள் தங்கள் சொந்தப் பட்டியலைப் பருவம் பாதி தாண்டிய பிறகே தொடங்குவார்கள். நம்ம அணி 25க்குள் இல்லையே என்று மனம் நோக வேண்டியதில்லை. புள்ளிவிவர ஆய்வாளர் பில் கானலியின் எஸ்பி பிளஸ் கணிப்பு இதைவிடப் பயன்படும், ஏனென்றால் போன பருவத்து ஆட்டத்தில் எவ்வளவு பங்கு திரும்பி வருகிறது என்பதையும் அது சேர்த்துப் பார்க்கிறது.

வாய்ப்பு இருக்கும்போது தவறவிடக் கூடாதது ஒன்று: ஆகஸ்ட்டில் ஐயோவாவின் சொந்த மைதானமான கின்னிக் அரங்கத்தில் பொதுமக்களைச் சேர்த்து நடத்தும் ‘கிட்ஸ் டே’ பயிற்சி. நேரில் பார்த்தவர்களின் காணொளிகள் அன்றே வரும். பந்தைப் பின்தொடராமல் லைனின் ஐந்து பேரை இடமிருந்து வலமாக எண்ணி எழுதுங்கள். அந்த மாதத்தில் நமக்குக் கிடைக்கும் ஒரே நேரடிச் சாட்சி அது.

நள்ளிரவு ஆட்டம்:

நேரம் நான் சொல்கிறேன். அணியின் ஊரான ஐயோவா சிட்டி நேரத்தோடு 13 மணி கூட்டுங்கள். சனி காலை 11 மணி ஆட்டம் நமக்கு சனி இரவு 12. பிற்பகல் 2:30 ஆட்டம் ஞாயிறு விடியற்காலை 3:30. மாலை 6:30 ஆட்டம் ஞாயிறு காலை 7:30. தொலைக்காட்சிக்காரர்கள் அமெரிக்கக் கிழக்கு நேரம் எழுதுவார்கள், அதோடு 12 மட்டும் கூட்டுங்கள். இந்த இரண்டையும் குழப்பித்தான் பலர் ஒரு மணி நேரம் தவறவிடுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிற்றில் அங்கே கடிகாரத்தைப் பின்னால் வைப்பார்கள். அதன் பிறகு எல்லாவற்றுக்கும் இன்னொரு மணி சேர்க்க வேண்டும். 2024இல் ஐயோவா ஆடும் பிக் டென் லீக் 18 அணியானதால் மேற்குக் கரை ஆட்டங்களும் உண்டு. அங்கே மாலை 7:30 என்றால் நமக்கு மறுநாள் காலை 10:30. வெள்ளி இரவு ஆட்டம் நமக்கு சனி காலை, அது வேலை நாள், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியில் ‘சனி 12:00’ என்று அலாரம் வைத்தால் அது வெள்ளி இரவே அடித்துவிடும். சனி இரவு 11:45க்கு வையுங்கள். முதல் மூன்று வார நேரம் மே மாதக் கடைசியிலேயே தெரியும். பிறகு வருபவை பெரும்பாலும் 12 நாள் முன்புதான், சில நேரம் 6 நாள் முன்பு. இப்போதைக்குத் தேதியை மட்டும் குறியுங்கள்.

இணையத் தொடர்பைச் சோதிக்க லேபர் டேக்கு (செப்டம்பர் முதல் திங்கள்) முந்திய வார இறுதிக்கும் முந்திய சனிக்கிழமை சரியான நாள். சில அணிகள் மட்டும் ஆடும், ‘வாரம் 0’ என்பார்கள். அந்த ஆட்டத்தை அதே நேரத்தில், அதே இடத்தில், அதே திரையில் ஓட்டிப் பாருங்கள். தெளிவான காணொளி நொடிக்கு 5 மெகாபிட் என்றால் மணிக்கு சுமார் 2.25 ஜிபி, மூன்றரை மணி ஆட்டத்துக்கு 8 ஜிபி ஆகும். இடி மழையில் கரண்டு போனால் கைப்பேசி டேட்டாவில் வானொலி வர்ணனை போதும், ஆட்டம் முழுக்க 200 எம்பிதான்.

கோலகங்சார் அக்கா:

ஒண்ணு விட்டுப்போச்சு. காயம் பத்தி ஆகஸ்ட்ல யாரும் முழுசா வாயைத் திறக்க மாட்டாங்க. ‘நாளுக்கு நாள் பார்க்கிறோம்’னு சொன்னா ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம். பிக் டென் 2023லிருந்து, யார் ஆட மாட்டாங்க, யார் சந்தேகம்னு ஆட்டத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி பட்டியல் விடணும்னு வச்சிருக்கு. நள்ளிரவு ஆட்டம்னா நமக்கு சனி ராத்திரி 10 மணி. தாளை அப்போ திறந்து வச்சு, பேர் வந்தவங்களை அடிச்சுட்டு, அந்த வரிசையோட ரெண்டாவது பேரை மேல ஏத்துங்க.

சிப்புட் ரசிகன்:

27 வரிசை போட்டாயிற்று. சிவப்பு ஆறு. ஐந்து பேரும் பிரித்துக்கொண்டோம், ஆளுக்கு ஒன்று, எனக்கு மட்டும் இரண்டு: பன்ட்டரும் லாங் ஸ்னாப்பரும்.