ஸ்லோ குக்கரில் ஹாம் அண்ட் பீன்ஸ்: பயறு தோல் வேகலை, ஹாம் கரைஞ்சு போகுது

பாளை_அடுப்பு (கேள்வி):

3.5 லிட்டர் ஸ்லோ குக்கர் (குறைஞ்ச சூட்டுல மணிக்கணக்கா வேக வைக்குத கரண்ட் சட்டி). குமிழ் திருகுத வகை. லோ, ஹை, வார்ம் மூணும் உண்டு. ஹையில 210 வாட்ஸ்.

செஞ்ச முறை: வெள்ளை ராஜ்மா 500 கிராம் ராத்திரி முழுக்க ஊற வச்சது, தண்ணி 2 லிட்டர், சூப்பர் மார்க்கெட் ஹாம் (பதப்படுத்தின பன்றிக்கறி) ஸ்லைஸ் 250 கிராம், தக்காளி 3, வெங்காயம், பூண்டு, உப்பு 2 தேக்கரண்டி. காலையில எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு லோவில 9 மணி நேரம். தண்ணி வீட்டு போர் தண்ணி.

பயறு உள்ள மாவா வெந்திருக்கு, தோல் ரப்பர். ஹாம் நூல் நூலாப் பிரிஞ்சு ருசியே இல்ல. சாறு ரசம் மாதிரி ஓடுது, உப்பும் கரிக்கு. எங்க தப்பு? எலும்போட உள்ள ஹாம் நம்ம பக்கம் கிடைக்கலையே, அதுக்குப் பதிலா என்ன போடலாம்?

பனங்காட்டு_நரி:

அண்ணாச்சி, தோல் ரப்பரா இருக்கத விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அதை முதல்ல சொல்லிருதேன். ராஜ்மாவ ஊற வச்ச கையோட ஸ்லோ குக்கர்ல போடக் கூடாது. அதுல பைட்டோஹீமாக்ளூட்டினின்னு ஒரு நச்சு இருக்கு, தளதளன்னு கொதிச்சாத்தான் அழியும். லோவில வச்ச சட்டி 75, 80 டிகிரியிலயே மணிக்கணக்கா நிக்கும். அந்தச் சூட்டுல நச்சு குறையாததோட, வேக வைக்காத பயறுல இருக்கத விடக் கூடியும் போகும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்துல குமட்டல், வாந்தி, பிறகு பேதி. சிவப்பு ராஜ்மாவுலதான் இது அதிகம், வெள்ளையில அதுல மூணுல ஒரு பங்கு. அதுக்காக விட்டுரக் கூடாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லுத முறை இதான்: குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணியக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில 30 நிமிஷம் கேஸ் அடுப்புல கொதிக்க விடணும்.

அடுத்தது அளவு. 500 கிராம் பயறு ஊறினா 1.1 கிலோ கிட்ட வரும். அதோட 2 லிட்டர் தண்ணியும் மத்ததும் சேந்தா 3.5 லிட்டர் சட்டி கழுத்து வரை நிக்கும், சூடேறவே பாதி நாள் ஆகும். சட்டி பாதிக்கு மேல, முக்காலுக்குக் கீழ இருக்கணும். ஸ்லோ குக்கர்ல ஆவி வெளிய போகாது, ஊத்தின தண்ணி அப்படியே கிடக்கும். சாறு ரசமா ஓடினது அதனாலதான். உங்க சட்டிக்கு 350 கிராம் பயறு, 1.1 லிட்டர் தண்ணி சரியா வரும்.

மூடியத் திறந்து திறந்து பாக்காதிய. ஒரு தடவை திறந்தா இறங்கின சூடு திரும்ப ஏற 20, 30 நிமிஷம் ஆகும். வார்ம்ங்கது வெந்ததைச் சூடா வைக்கதுக்கு மட்டும், அதுல வேக வைக்க முடியாது.

கல்லிடை_அப்பளம்:

நமக்குக் கறி ஆகாது, பயறு பத்தி மட்டும் சொல்றேன்.

ஊர்ல எல்லாரும் உப்பு மேல பழியப் போடுவாங்க. தோல் வேகாததுக்கு உப்பு காரணமில்ல. உங்க போர் தண்ணியும் தக்காளியும்தான் காரணம். தண்ணியில உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பயறுத் தோல்ல இருக்கிற பெக்டின்ங்கிற பசையைக் கெட்டியாக் கட்டிப் போட்டுரும். புளிப்பு இருந்தா பெக்டின் கரையாது. ரெண்டும் சேந்தா 9 மணி நேரம் இல்ல, 15 மணி நேரம் வச்சாலும் தோல் தோலாத்தான் இருக்கும். ஆத்துத் தண்ணி குழாய்ல வர்ற வீட்டுல இந்தத் தொல்லை குறைவு. போர் தண்ணின்னா ஊற வைக்கவும் வேக வைக்கவும் ரெண்டுக்கும் ஆர்.ஓ. தண்ணி எடுங்க. ஊற வைக்கும்போது லிட்டருக்கு 15 கிராம் உப்பு போட்டீங்கன்னா தோல் இன்னும் மிருதுவாகும். சோடியம் போய் கால்சியம் இருந்த இடத்தைப் பிடிச்சுக்கும். அந்தத் தண்ணியக் கீழ ஊத்திடுவோம், அதனால கரிக்காது.

தக்காளி, புளி, வினிகர் எல்லாம் பயறு முழுசா வெந்த பிறகுதான். கருப்பட்டி போடுறவங்களும் கடைசியிலயே போடுங்க, அதுலயும் கால்சியம் உண்டு.

நம்ம வெயிலுக்கு ராத்திரி முழுக்க வெளியில ஊற வச்சா காலையில நுரைச்சு ஒரு வாடை வரும். பிரிட்ஜுல வைங்க, 12 மணி நேரம். ஊறின பிறகும் சுருக்கம் விழுந்து கல்லு மாதிரி கிடக்கிறதைப் பொறுக்கி எறிஞ்சிடுங்க. கடையில ரெண்டு கோடை கண்ட பயறு அப்படித்தான் இருக்கும், எந்தத் தண்ணியிலயும் வேகாது. பயறு பழசோன்னு சந்தேகமா இருந்தா கேஸ்ல கொதிக்க வைக்கிறப்ப மட்டும் 350 கிராமுக்கு கால் தேக்கரண்டி ஆப்பசோடா போட்டு, அந்தத் தண்ணியையும் கொட்டிடுங்க. அரைத் தேக்கரண்டி ஆச்சுன்னா சோப்பு வாடை வரும், பயறும் கூழாயிடும்.

வெந்திருக்கான்னு பாக்க சட்டியில வேற வேற இடத்துல அஞ்சு பயறு எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவுல வச்சு நசுக்குங்க. அஞ்சும் நசுங்கணும். நாலு நசுங்கினா இன்னும் ஒரு மணி நேரம் விடுங்க.

வள்ளியூர்_காத்து:

கறி பத்தி நான் சொல்லுதேன்.

ஹாம்ங்கது பன்றியோட பின்னந்தொடையை உப்புலயும் நைட்ரைட்டுலயும் போட்டுப் பதப்படுத்தினது. அமெரிக்காவுல இந்தப் பயறுக்குப் போடுதது பெரும்பாலும் அதுல மிஞ்சின எலும்பு, இல்லன்னா புகை போட்ட கணுக்கால். சாறு கெட்டியாகுதது எலும்பு, தோல், ஜவ்வு இதெல்லாம் கரைஞ்சுதான். நீங்க போட்ட ஸ்லைஸ்ல ஜவ்வும் இல்ல, எலும்பும் இல்ல. ஏற்கெனவே வெந்த கறி. அது 9 மணி நேரம் கிடந்தா நூலாகாம என்ன செய்யும்? உப்பும் அதுலருந்து வந்ததுதான். கடை ஹாம் 250 கிராம்ல சுமாரா 6 கிராம் உப்பு இருக்கும், ஒரு தேக்கரண்டி அளவு. அதுக்கு மேல நீங்க ரெண்டு தேக்கரண்டி போட்டிருக்கிய.

வெண்பன்றி விக்கிற கடையில தோலோட கணுக்கால் 600 கிராம் கேளுங்க. முடியப் பொசுக்கிச் சுரண்டி, குறுக்க மூணு நாலு துண்டா வெட்டித் தரச் சொல்லுங்க. 1 லிட்டர் தண்ணியில கல்லுப்பு 60 கிராம், கருப்பட்டி 20 கிராம், நசுக்கின மிளகு ஒரு தேக்கரண்டி போட்டுக் கொதிக்க வச்சு, முழுசா ஆறின பிறகு கறிய முக்கி பிரிட்ஜுல 24 மணி நேரம். மேல ஒரு தட்டு வச்சு அமுக்குங்க, மிதந்தா மேல் பக்கம் உப்பு ஏறாது. நைட்ரைட் இல்லாததால கறி வெந்ததும் சாம்பல் நிறமாத்தான் இருக்கும், ஹாம் மாதிரி இளஞ்சிவப்பு வராது. அது கெட்டுப் போன அடையாளம் இல்ல.

செய்யுத அன்னைக்குக் கறியக் கழுவி, தனிப் பாத்திரத்துல 5 நிமிஷம் கொதிக்க விட்டு அழுக்கு நுரையோட தண்ணியக் கொட்டிருங்க. ஸ்லோ குக்கர் அடியில சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், பிரிஞ்சி இலை பாதி (நம்ம பிரிஞ்சி இலையில பட்டை வாடை தூக்கும், முழுசு வேண்டாம்), மேல கறி, பிறகு கொதிக்குத தண்ணி 1.1 லிட்டர். ஹையில 2 மணி நேரம். அது கடைசி அரை மணியில இருக்கும்போது பயறை கேஸ்ல 30 நிமிஷம் கொதிக்க வச்சு வடிச்சு, சூடு ஆறாம சட்டியில சேத்து மூடுங்க. இனி லோவில 5 முதல் 6 மணி நேரம். உப்பு போடாதிய.

எலும்புலருந்து கறி தானாக் கழண்டா கணக்கு சரி. கறிய எடுத்து எலும்பு, தோலை விலக்கி, பிச்சு திரும்பப் போடுங்க. ஒரு கரண்டி பயறை சட்டி ஓரத்துல வச்சு மசிச்சு விட்டா சாறு கூழ் பதத்துக்கு வரும். இப்ப தக்காளி 1, மிளகுத்தூள், கருப்பட்டி ஒரு தேக்கரண்டி போட்டு ஹையில அரை மணி. உப்பு ருசி பாத்துட்டுக் கடைசியில. கறியிலருந்தே ரெண்டு தேக்கரண்டி வரை இறங்கியிருக்கும், பெரும்பாலும் கால் தேக்கரண்டிக்கு மேல தேவைப்படாது.

புகை வாடை வேணும்னா ஒரு சின்னக் கிண்ணத்தைப் பயறு மேல மிதக்க விட்டு, அதுல சிரட்டைக் கரித் துண்டு ஒண்ணு கனலோட வச்சு, ரெண்டு சொட்டு நெய் விட்டு 5 நிமிஷம் மூடுங்க. அதுக்கு மேல வச்சா கசக்கும்.

கடை ஹாம்தான் இருக்குன்னா கறிக்குப் பதிலா வேற எலும்பு போட்டு வேக வச்சு, ஹாமை ஸ்லைஸா வாங்காம கட்டியா வாங்கி ஒரு செ.மீ. சதுரமா நறுக்கி, கடைசி அரை மணிக்கு முன்ன போடுங்க. பன்றி ஆகாத வீட்டுல ஆட்டுக்கால் நாலு, இதே உப்புத்தண்ணி முறைதான். ஹையில 2 மணிக்குப் பதிலா 3 மணி நேரம்.

தென்காசிச்_சாரல்:

நிறம் வரணும்னா உப்புத்தண்ணியில ஒரு சிட்டிகை வெடியுப்பு போடலாமே? அந்தக் காலத்துல அப்படித்தான் போட்டிருக்காங்க.

வள்ளியூர்_காத்து:

வேண்டாம் தம்பி. பழைய முறைதான், இல்லங்கல. வெடியுப்புங்கது நைட்ரேட். நைட்ரேட், நைட்ரைட் ரெண்டும் ஒரு கிலோ கறிக்கு மில்லிகிராம்ல அளந்து போடுத சாமான். சிட்டிகைங்கது அளவே கிடையாது. நம்ம கடையில வெடியுப்புன்னு தாரது உரத்துக்கோ வெடிக்கோ வந்ததா இருக்கும், தின்னுததுக்குச் சுத்தம் பண்ணினது இல்ல. நிறத்துக்காக அந்த ஆபத்து தேவையில்ல.

பாளை_அடுப்பு:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். கரண்ட் போனா என்ன செய்ய? அமெரிக்காவுலருந்து மதினி கொண்டாந்த இன்னொரு 6 லிட்டர் குக்கர் கிடக்கு, 120 வோல்ட்னு போட்டிருக்கு. பிளக்கை மட்டும் மாத்தி ஓட்டலாமா?

பனங்காட்டு_நரி:

பிளக்கை மட்டும் மாத்தாதிய! 120 வோல்ட் சாமானை 230-ல குத்தினா 250 வாட்ஸ் சுருள் 900 வாட்ஸுக்கு மேல இழுக்கும். சுருள் கருகும், சட்டி வெடிக்கும். 230-ஐ 110 ஆக்குத டிரான்ஸ்பார்மர் 500 வாட்ஸ்ல வாங்கினா ஓடும், குமிழ் வகைக்குப் பிரச்சினை இல்ல. அந்த 6 லிட்டர்ல 350 கிராம் பயறு போட்டா அடியில மட்டும் கிடந்து ஓரம் காஞ்சுரும், 650 கிராமாவது போடணும்.

கரண்ட் விஷயம்: மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துத நாளைப் பாத்து அன்னைக்கு ஆரம்பிக்காதிய. நீங்க வீட்டுல இருக்கும்போது போச்சுன்னா உள்ளதை உடனே கேஸ் அடுப்புக்கு மாத்தி வேக வச்சு முடிச்சிருங்க. மண் சட்டி மாதிரி இருக்கேன்னு உள் சட்டிய நெருப்புல வைக்காதிய, பிளந்துரும். வேற பாத்திரத்துல ஊத்துங்க. வீட்டுல ஆள் இல்லாதப்ப போய் வந்துச்சுன்னாதான் சிக்கல். உங்க குமிழ் வகை கரண்ட் வந்ததும் தானே ஓட ஆரம்பிச்சுரும், எத்தனை மணி நேரம் ஆறிக் கிடந்ததுன்னு தெரியாது. மைக்ரோவேவ் இருந்தா அதோட மணியைப் பாருங்க, கரண்ட் போயிட்டு வந்திருந்தா 12:00-ல மினுக்கிக்கிட்டிருக்கும், இல்லன்னா வந்ததுலருந்து எண்ணிக்கிட்டு வரும். எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியலன்னா, பாக்க வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிருங்க.

மிஞ்சினதை அந்தச் சட்டியோட பிரிட்ஜுல தூக்கி வைக்காதிய, உள்ள ஆறவே ஆறாது. அகலமான ரெண்டு பாத்திரத்துல ஊத்தி, 2 மணி நேரத்துக்குள்ள பிரிட்ஜுக்கு. மூணு நாள் நிக்கும். மறுநாள் கட்டியா உறைஞ்சிருந்தா எலும்புச் சத்து இறங்கியிருக்குன்னு அர்த்தம், கேஸ்ல சூடாக்கினா இளகிரும்.

இந்தச் சாமானே பயறுக்காக வந்ததுதான் தெரியுமா? அமெரிக்காவுல இர்விங் நாக்சன் 1940-ல காப்புரிமை வாங்கின சட்டிக்கு நாக்சன் பீனரின்னு பேரு. 1970-கள்லதான் வேற கம்பெனி அதைக் கிராக்பாட்னு கடைக்குக் கொண்டாந்தது.

பாளை_அடுப்பு:

சிவப்பு ராஜ்மா கால் கிலோ கிடக்கு. வெள்ளையோட கலந்துக்கலாமா?

கல்லிடை_அப்பளம்:

கலக்காதீங்க, ரெண்டும் ஒரே நேரத்துல வேகாது, சாறும் பழுப்பாயிடும். வெள்ளை குறைஞ்சா தட்டப்பயறு சேருங்க. அது சீக்கிரம் வேகும், அதனால ஊற வைக்காம, தனியா 10 நிமிஷம் கொதிக்க வச்சு, கடைசி 3 மணி நேரத்துக்கு முன்ன போட்டா போதும்.