பையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று முதலில் பாருங்கள்

புது மீன் வந்தால் சொட்டு முறைதான் (தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாயில் சொட்டுச் சொட்டாகப் பைத் தண்ணீரில் கலப்பது), அதுவும் இரண்டு மணி நேரமாவது விட வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

பினாங்கில் டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர் ஒருவரிடம் நானும் மச்சானும் சேர்ந்து குட்டிகள் வாங்கினோம். மாலையில் பையில் ஆக்சிஜன் அடைத்துக் கட்டி, சுங்கை நிபோங்கில் இரவு பஸ் ஏற்றிவிட்டார். காலையில் கோலாலம்பூர் டிபிஎஸ் பஸ் நிலையத்தில் போய் எடுத்து, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம்.

மச்சான் தன் பைகளைத் திறந்து வாளியில் ஊற்றினார், சொட்டுக் குழாய் போட்டார், மீனுக்கு மூச்சு முட்டக் கூடாதே என்று ஏர் ஸ்டோனும் (காற்றுக் குமிழி விடும் கல்) வைத்தார். பார்க்க அக்கறையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் கறுத்துப்போய், மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. இரண்டு அன்றைக்கே போய்விட்டன.

காரணம் பைத் தண்ணீர்தான். இரவு முழுக்க மீன் விட்ட கரியமில வாயு உள்ளேயே தங்குவதால் பிஎச் இறங்கிவிடும், அதாவது தண்ணீர் அமிலப் பக்கம் போகும். அந்த நிலையில், மீன் வெளியிட்டுச் சேர்ந்த அமோனியாவில் பெரும்பகுதி அமோனியமாக இருக்கும், அவ்வளவு விஷமில்லை. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஎச் ஏறும். பிஎச் ஒரு புள்ளி ஏறினாலே விஷ அமோனியா ஏறக்குறைய 10 மடங்காகும். ஏர் ஸ்டோன் வைத்தால் இதெல்லாம் இன்னும் சீக்கிரம் நடக்கும். அந்தத் தண்ணீரிலேயே மீனை மணிக்கணக்கில் உட்கார வைப்பதுதான் ஆபத்து.

என் பங்குக்கு வேறு மாதிரி. மீன் கிளம்பும் முன்பே வளர்ப்பவருடைய தண்ணீரின் பிஎச், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, தனித் தொட்டியை அதற்குப் பக்கமாகக் கொண்டுவந்துவிட்டேன். கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை, 29 டிகிரியில் ஹீட்டர், ஆன்டி குளோரின் போட்ட தண்ணீர், அவ்வளவுதான். (ஹீட்டர் கோலாலம்பூரில் எதற்கு என்பவர்கள் இரவெல்லாம் ஏர்கோன் (ஏசி) ஓடும் அறையில் தொட்டி வைத்துப் பார்க்கவும்.) பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்க விட்டேன். அப்புறம் திறந்து, மீனை மட்டும் வலையில் எடுத்து உள்ளே விட்டேன். பைத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்கு. விளக்கு போடவில்லை, அன்றைக்குத் தீனியும் கிடையாது.

பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணி நேரத்தில் வீடு வரும் மீனுக்கு இந்த அவசரம் வேண்டாம். பையில் அமோனியா சேர நேரமே இருந்திருக்காது, நிதானமாகக் கலந்துவிடலாம். இறாலுக்கு நானும் சொட்டு முறைதான், டிடிஎஸ் திடீரென மாறினால் அது தாங்காது.

மச்சான் இன்னும் எல்லாவற்றுக்கும் சொட்டுக் குழாய்தான் போடுகிறார். ஏர் ஸ்டோனை மட்டும் எடுத்துவிட்டார்.