ஆர்கன் சாம்பிள் எடுத்த ராத்திரி: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்
(வீட்டில் கம்ப்யூட்டர் வழியாக வாசிக்க, சர்ச்சின் குழாய் ஆர்கனைச் சுரம் சுரமாக ரெக்கார்ட் செய்த கதைகள்)

காற்றுப்பெட்டி:
நெதர்லாந்தில் குரோனிங்கன் பக்கம் ஒரு சின்ன ஊர்ச் சர்ச். கேபிள் சுற்ற ஆள் வேண்டும் என்று நண்பர் கூட்டிப்போனார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் (ஒரே குரல் உள்ள குழாய் வரிசை) ஒவ்வொரு கட்டையையும் நீளமாக ஒரு தடவை, நடுத்தரமாக ஒரு தடவை, வெடுக்கென்று ஒரு தடவை. கையை எடுத்த பிறகு எதிரொலி அடங்கும்வரை யாரும் அசையக்கூடாது. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

ராத்திரி ஒன்றரை மணி. ட்ரம்பெட் 8 அடி என்ற ஸ்டாப் (அடி கூடக்கூடச் சுதி கீழே போகும்), நடு எஃப். கட்டையை அழுத்தினால் முதலில் ஒரு 'க்ர்ர்', தொண்டையைச் செருமிவிட்டுத்தான் குரல் வருகிறது. பின் பெஞ்சில் கோட்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த கோஸ்டர் (நம்மூர்க் கோயில்பிள்ளைதான்) சிரித்துவிட்டார். டேக் போச்சு. "நான் சின்னப் பையனாக இருந்தபோதும் அது இப்படித்தான் செருமும்" என்றார்.

எடிட்டிங்கில் பக்கத்து ஈ-யை அரை ஸ்வரம் ஏற்றி எஃப் இடத்தில் வைத்தோம். வைத்தது நான்தான். இப்போது வீட்டில் அந்த எஃப் சுத்தமாகப் பேசுகிறது. எனக்குத்தான் உறுத்துகிறது.

சுதிக்காரன்:
இதில் உறுத்த என்ன இருக்கிறது? நாக்கு (அதிரும் உலோகத் தகடு) வைத்த குழாய். ட்யூனர் வந்திருந்தால் அந்தச் செருமலை அன்றே எடுத்திருப்பார். நெதர்லாந்தின் அல்க்மார் ஊர் லாரன்ஸ் சர்ச் ஆர்கனை எடுத்துக்கொள்ளுங்கள். 1640-களில் ஹாகர்பேர் குடும்பம் கட்டியது, 1725-இல் ஃப்ரான்ஸ் காஸ்பர் ஷ்னிட்கர் மாற்றிக் கட்டினார். ஊரே சண்டை போட்டது. அதை வாசித்த ஹாவிங்கா 1727-இல் அதற்காகப் புத்தகமே எழுதினார். எது அசல், சொல்லுங்கள்?

என் உறுத்தல் வேறு. நான் போன இடத்தில் சாயங்காலம் நாக்கில்லாத ஃப்ளூட் ஸ்டாப் எடுத்தோம், விடியற்காலை ட்ரம்பெட். நடுவில் குளிர் ஏறிவிட்டது. குளிரில் ஃப்ளூட் சுதி இறங்கும், நாக்குக் குழாய் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். சூட்டில் எடுத்த ஃப்ளூட், குளிரில் எடுத்த ட்ரம்பெட். வீட்டில் சேர்த்து வாசித்தால் அந்தச் சர்ச்சில் எந்த நாளும் கேட்டிராத ஒரு ஆர்கன்.

ரேம் ராஜா:
என் கதை ஒரே வரி: ஹாப்ட்வெர்க்கில் (இந்தச் சாம்பிள்களை வாசிக்கும் மென்பொருள்) பெரிய டச்சு செட் ஒன்றை, அதாவது ஒரு ஆர்கனின் முழுச் சாம்பிள் தொகுப்பை, ஏற்றினேன், பாதியில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

ஆகவே புதியவர்களுக்கு: ரேமில் கஞ்சத்தனம் வேண்டாம். போதவில்லை என்றால் சர்ச்சின் பின்பக்க மைக்கில் எடுத்த சேனல்களை முதலில் விடுங்கள், ரிலீஸ்களில் (கட்டையை விட்ட பிறகு வரும் எதிரொலிப் பதிவுகள்) கை வைக்காதீர்கள். வைத்தால் வெடுக்கென்று விட்ட சுரத்துக்கும் நீளமான எதிரொலியே வரும், கேட்கச் சகிக்காது. காலால் அழுத்தும் பெடலில், 16 அடி ஸ்டாப்பின் கீழ் சி ஏறக்குறைய 33 ஹெர்ட்ஸ், 32 அடி என்றால் அதில் பாதி. சாதாரண ஸ்பீக்கரில் அது காற்றுகூட இல்லை. சப்வூஃபரை மூலையில் வைத்துப் பாருங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அப்புறம் ஹெட்போன்...

சுதிக்காரன்:
ராஜா சார், யாரும் கேட்கவில்லையே.

மாடிப்படி:
நான் ரெக்கார்ட் செய்ததில்லை. நாலு வருடம் வீட்டில் ஒரு செட்டை வாசித்துவிட்டு, நிஜத்தை வாசிக்கக் கிடைத்தது. ருக்வெர்க் (ஆர்கனின் தனிப் பெட்டிப் பிரிவு) ஸ்டாப் ஒன்றை இழுத்து ஒரு சுரம் அழுத்தினேன். சத்தம் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. 'ருக்' என்றால் டச்சில் முதுகு. அந்தப் பெட்டி வாசிப்பவர் முதுகுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. படத்தில் நூறு முறை பார்த்தவள், ஆனாலும் திடுக்கிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டில் அது எப்போதும் எதிரில்தான் இருந்தது.

காற்றுப்பெட்டி:
அக்கா, நேற்று பழைய ஹார்டுடிஸ்கைத் தேடி எடுத்தேன். அந்த எஃப் அழியவில்லை. செருமலும் இருக்கிறது, அதன் வாலில் கோஸ்டர் சிரிப்பும் இருக்கிறது. சிரிப்பை வெட்டினால் எதிரொலியும் போய்விடும். இன்னும் வெட்டவில்லை.