ரிலையபிலிட்டி ரேட்டிங் பார்த்துவிட்டு ஸ்போர்ட்ஸ் காரை விற்றவர்கள் இருக்கிறீர்களா?

திருவான்மியூர்_டர்போ

என்னிடம் இருப்பது 2019 மாடல் ஐரோப்பிய டூ டோர், டர்போ பெட்ரோல். கம்பெனி பெயரைச் சொன்னால் ரசிகர்களும் எதிரிகளும் வந்து அடித்துக்கொள்வார்கள், வேண்டாம். போன வாரம் மச்சான் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அமெரிக்கப் பட்டியலைப் போட்டான். நம்பகத்தன்மையில் என் வண்டி கடைசி வரிசை. கூடவே ஒரு சிரிப்பு எமோஜி. இவன் ஓட்டுவது எது என்று கேட்காதீர்கள், அதற்கு ரேட்டிங்கே கிடையாது.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் பட்டியலை முழுசாகப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. ரெண்டு வாரம் எடுக்காமல் விட்டு ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டில் வரிசையாக வார்னிங்: கியர்பாக்ஸ் கோளாறு, ஸ்டியரிங் கோளாறு, பார்க்கிங் சென்சார் வேலை செய்யவில்லை. சோழிங்கநல்லூர் போய் யூ டர்ன் அடித்துத் திரும்புவதற்குள் எல்லாம் மறைந்துவிடும். சர்வீஸில் ஸ்கேனர் போட்டு அழித்துவிட்டு பில் கொடுக்கிறார்கள், காரணம் சொல்ல ஆளில்லை.

இன்னொன்று, அந்த சர்வேயை எழுதுகிறவர்கள் எங்கே ஓட்டுகிறார்கள்? 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வெள்ளத்தில் மூழ்காமலிருக்க வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசைகட்டி நின்ற கார்களில் என்னுடையதும் ஒன்று. அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? வைத்துக்கொள்ளலாமா, தள்ளிவிடலாமா? இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

மந்தைவெளி_எக்செல்

சார், முதலில் அது எந்தப் பட்டியல் என்று மச்சானிடம் கேளுங்கள். எல்லாமே ஒரே கணக்கு இல்லை. ஜே.டி.பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் மூன்று வருஷம் ஓடிய வண்டியின் முதல் உரிமையாளரிடம் கேட்டு, 100 வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று போடுகிறது. 2024-இல் மொத்த சராசரியே 190. வண்டிக்கு ஏறக்குறைய ரெண்டு புகார்! ஆனால் அதில் அதிகம் வருவது இன்ஃபோடெயின்மென்ட் சமாச்சாரம், போன் கனெக்ட் ஆகவில்லை என்பது மாதிரி. நடுரோட்டில் நின்றதும் ஒரு புகார், ப்ளூடூத் மக்கர் செய்ததும் ஒரு புகார்.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு தன் உறுப்பினர்களிடம் சர்வே எடுக்கிறது. அங்கே இன்ஜின், கியர்பாக்ஸ் கோளாறுக்குக் கனம் அதிகம். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான், பதில் போதாமல் சில மாடலுக்கு மதிப்பெண்ணே வராது.

அதற்காக ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே ஓட்டை என்றும் இல்லை. 2021 ஜே.டி.பவர் ஆய்வில் எல்லா மாடலையும் தாண்டி முதலில் வந்தது போர்ஷே 911.

ஈசிஆர்_ஞாயிறு

நான் விற்றுவிட்டேன். ரேட்டிங் சரிதான், சப்பைக்கட்டு கட்டாதீர்கள். கோளாறைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பார்ட்ஸுக்குக் காத்திருப்பதுதான் கொடுமை. அமெரிக்காக்காரனுக்கு ஒரு வாரம் என்றால் நமக்குக் கப்பல் வரணும், கஸ்டம்ஸ் தாண்டணும். என் வண்டி ஒரு வால்வுக்காக ஒர்க்ஷாப்பில் தூசு பிடித்து நின்றபோது இ.எம்.ஐ மட்டும் தேதி தவறாமல் போனது. பழைய கார் பார்ட்ஸ் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். அங்கே நான் காட்டிய பார்ட்டைப் பார்த்து கடைக்காரர் "இது எதுக்கு சார்?" என்று என்னையே கேட்டார்.

அம்பத்தூர்_ஸ்பானர்

டர்போ சார், இந்த வார்னிங் கதையை வாரம் ஒரு தடவையாவது கேட்கிறேன். கியர்பாக்ஸைத் தொட விடாதீர்கள். அடுத்த தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், கதவைத் திறந்து வைத்தபடி இல்லாமல், வண்டியின் எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் அடங்கி நன்றாகத் தூங்கியபிறகு ஒரு மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். ஏ.ஜி.எம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் பிடித்துவைக்கும் வகை) முழு சார்ஜில் 12.8 வோல்ட் பக்கம் காட்டணும். 12.2, 12.1 என்றால் உங்கள் கோளாறு அங்கேதான். பூட்டி நிறுத்தினாலும் அலாரம், கீலெஸ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்டேஜ் சட்டென்று விழும், ஒவ்வொரு மாட்யூலும் (கியர்பாக்ஸ், ஸ்டியரிங் என்று தனித்தனியாக இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்) பக்கத்து மாட்யூலைக் காணோம் என்று புகார் எழுதிவைக்கும். ஓட ஆரம்பித்ததும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரிசெய்துவிடும். நீங்கள் யூ டர்ன் அடிக்கும் நேரம் அதுதான்.

நம்ம ஊர் வெயில் பேட்டரி ஆயுசைக் குறைத்துவிடும். மாற்றினால் அதே ஏ.ஜி.எம் போடுங்கள். பல ஐரோப்பிய வண்டியில் புது பேட்டரியை ஸ்கேனர் வழியாகப் பதிவு செய்யணும், இல்லையென்றால் பழசு என்று நினைத்தே சார்ஜ் ஏற்றும்.

உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம் ஓடும் பக்கம். தெர்மோஸ்டாட் ஹவுசிங், எக்ஸ்பான்ஷன் டேங்க் எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக். சூடாகி ஆறி, சூடாகி ஆறி மொறுமொறுவென்று ஆகிவிடும். டைடல் பார்க் சிக்னலில் மே மாத மத்தியானம் ஊர்ந்தால் இன்னும் சீக்கிரம். ஜாயின்ட் ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி காய்ந்த தடம் தெரிந்தால் சொட்ட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். டெம்பரேச்சர் ஏறினால் வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள், இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல், ஹெட் கேஸ்கெட், போய்விடும்.

திருவான்மியூர்_டர்போ

ஸ்பானர் சார், அளந்தேன். 12.1! சர்வீஸில் இத்தனை பில் போட்டவர்களில் ஒருத்தர்கூட மீட்டரை எடுக்கவில்லை. ஹவுசிங் ஓரத்தில் தடம் எதுவும் இல்லை, டேங்க் மட்டும் மஞ்சளாகியிருக்கிறது, அதை மாற்றிவிடுகிறேன். ஈசிஆர் சார் சொல்வதும் நியாயம், ஆனால் எனக்கு லோன் இல்லை, ஆபீஸுக்கு ஸ்கூட்டர் இருக்கிறது. அதனால் விற்கவில்லை.

இப்போது வேறு சிக்கல். நிறுத்தும்போது பேட்டரிக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றும் டிரிக்கிள் சார்ஜர் மாட்டலாம் என்றால் பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் கிடையாது. அசோசியேஷனில் கேட்டால் "எலெக்ட்ரிக் காரா சார்?" என்கிறார்கள்.

அம்பத்தூர்_ஸ்பானர்

ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பொதுக்குழு கூட்டுவார்கள். செக்யூரிட்டி ரூம் ஃபேன் இழுக்கிற கரண்டைவிட இது குறைவு என்று செயலாளரிடம் தனியாகச் சொல்லிப் பாருங்கள். நடக்கவில்லை என்றால் வாரம் ஒரு தடவை முட்டுக்காடு வரைக்கும் ஒரு ரவுண்ட். அடுத்த தெரு வரைக்கும் போய் வந்தால் ஸ்டார்ட்டர் தின்றதுகூடத் திரும்ப ஏறாது.