பழைய நீர்ப்பம்பியைத் தூரத்து ஆளுக்கு விற்கிறேன்: காசை எப்படிப் பாதுகாப்பாக வாங்குவது?

விசுவமடு தோட்டக்காரி:

வணக்கம். எங்கள் கிணற்றுக்கு சோலர் பூட்டிவிட்டோம். அதனால் மண்ணெண்ணெயில் ஓடும் 2 இஞ்சி நீர்ப்பம்பியை 48,000 ரூபா என்று விளம்பரம் போட்டேன். நல்ல ஓட்டத்தில் இருக்கிறது, போன வருசக் கச்சானுக்கு அதுதான் இறைத்தது.

கல்பிட்டியிலிருந்து ஒருவர் வட்சப்பில் கதைத்தார். விலையில் ஒரு ரூபாகூடக் குறைக்கச் சொல்லவில்லை, வந்து பார்க்கவும் தேவையில்லையாம். வெள்ளிக்கிழமை என் கணக்கில் 60,000 ரூபாவுக்கு செக் போட்டு, சிலிப்பைப் படமெடுத்து அனுப்புவாராம். சனிக்கிழமை லொறி வருமாம். நான் பம்பியை ஏற்றிவிட்டு, மிச்சம் 12,000 ரூபாவை லொறிக்கூலியாக டிரைவரின் கையில் கொடுக்க வேண்டுமாம். கணக்கு இலக்கம், அடையாள அட்டையின் படம், ஏரிஎம் கார்டின் படம் எல்லாம் கேட்கிறார்.

மரியாதையாகத்தான் கதைக்கிறார், ஆனால் முன்பின் தெரியாதவர். கணக்கு இலக்கம் கொடுத்தால் காசை எடுத்துவிடுவார்களா? இதை எப்படிப் பேசி முடிக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கவுண்டர் அண்ணா:

தங்கச்சி, நான் வங்கியில் வேலை செய்கிறேன். முதலில் ஒன்று: அந்த 12,000 ரூபாவை எந்தக் காரணத்துக்காகவும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். கூடுதலாகப் போட்டுவிட்டு மிச்சத்தைத் திருப்பிக் கேட்பது ஏமாற்றுக்காரரின் பழைய வழி. செக் திரும்பினால் பம்பியும் போகும், உங்கள் கைக்காசு 12,000 உம் போகும். லொறிக்கூலி வாங்குபவருக்கும் டிரைவருக்கும் இடையிலான விசயம், அதற்குள் நீங்கள் ஏன் போக வேண்டும்?

வெள்ளிக்கிழமை என்பதையும் கவனியுங்கள். செக் போட்ட உடனே காசு உங்களுடையதாகிவிடாது. அது கிளியரிங்குக்குப் போய், அதாவது செக் எழுதியவரின் வங்கி காசு தருகிறதா என்று பார்த்து, வழமையாக அடுத்த வேலை நாளில்தான் தெரியும். வெள்ளி பின்னேரம் போட்டால் திங்கள் வரும்வரை ஒன்றும் தெரியாது, இடையில் போயா விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். இதற்குள் சனிக்கிழமை லொறி வந்து போய்விடும். கணக்கில் இரண்டு மீதி காட்டும். மொத்த மீதியில் செக் தொகை சேர்ந்து தெரியலாம், எடுக்கக்கூடிய மீதியில் சேர்ந்திருக்காது. இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை ஆகியவற்றைக் கொடுக்கலாம். அவற்றை வைத்துக் காசு போடத்தான் முடியும், எடுக்க முடியாது. கார்டின் படம் வேண்டாம், முன்பக்கமும் வேண்டாம், பின்பக்கமும் வேண்டாம். போனுக்கு வரும் ஓரிபி எண்ணை, அதாவது ஒருமுறை மட்டும் பாவிக்கும் இரகசிய எண்ணை, "காசு வந்து சேர அது தேவை" என்று கேட்டால், கதையை அந்த இடத்திலேயே நிற்பாட்டுங்கள். காசு வாங்குபவருக்கு ஓரிபி தேவைப்படாது.

மாங்குளம் பெட்டிக்கடை:

அண்ணா சொல்வது சரி. எங்கள் பக்கத்தில் ஒருவர் ரக்டர் பெட்டியை இப்படித்தான் பறிகொடுத்தார். அதில் செக்கும் இல்லை. ஒன்லைனில் போட்டதாக ஒரு படம் வந்தது. வங்கியின் நிறம், தேதி, நேரம், தொகை, இவருடைய பெயர் எல்லாம் சரியாக இருந்தன. வங்கியின் பெயரிலேயே எஸ்எம்எஸ்ஸும் வந்தது. பெட்டி ஏ9 வீதியைத் தாண்டிய பிறகு பாஸ்புக்கைக் கொண்டுபோய் அடித்துப் பார்த்தால், பழைய மீதி அப்படியே இருந்தது. படத்தை யாரும் செய்யலாம், எஸ்எம்எஸ்ஸும் அப்படித்தான். உங்கள் வங்கியின் ஆப்பில், இல்லாவிட்டால் ஏரிஎம்மில், நீங்களே பாருங்கள். மீதி கூடியிருந்தால்தான் காசு வந்ததாகக் கணக்கு.

"வங்கியில் கோளாறு, நாளைக்குக் காட்டும், லொறி வாசலில் நிற்கிறது" என்று அவசரப்படுத்துவார்கள். லொறி நிற்கட்டும் அக்கா. வாடகை அவருடையது.

புத்தளத்துத் தம்பி:

வாங்குகிற எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். முழுக் காசையும் முதலே போடு என்றால் எங்களுக்கும் பயம்தானே? பம்பி வராமல் போன கதைகள் இங்கேயும் உண்டு. நான் இரண்டாம் கைச் சாமான் வாங்கும்போது வீடியோ கோலில் ஓட்டிக் காட்டச் சொல்வேன். குளிர்ந்த என்ஜினை அப்போதுதான் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டும், முதலே சூடாக்கி வைத்திருக்கக் கூடாது. உறிஞ்சும் குழாயின் அடியில் பூட்டும் புட்வால்வைத் தண்ணீருக்குள் விட்டு, வாய்க்காலில் தண்ணீர் விழுவதையும் புகையின் நிறத்தையும் காட்ட வேண்டும். என்ஜின் இலக்கம் தெரியக் கிட்டப் பிடிக்க வேண்டும். இவ்வளவும் செய்தால் சிறு முற்பணம் போடுவேன். மிச்சத்தை என் ஆள் சாமானை நேரில் பார்த்த பிறகுதான் போடுவேன். உண்மையாக வாங்க வந்தவன் கேள்வி கேட்பான், விலை பேசுவான். பார்க்காமலே முழு விலைக்கு ஓம் என்பவரை எனக்கு நம்ப முடியவில்லை.

விசுவமடு தோட்டக்காரி:

எல்லோருக்கும் நன்றி. கல்பிட்டிக்காரரிடம், "செக் வேண்டாம், 48,000 மட்டும் காசாகப் போடுங்கள், லொறிக்கூலியை நீங்களே பாருங்கள்" என்று சொன்னேன். ஓம் என்றார். அதன் பிறகு போன் வேலை செய்யவில்லை.

இப்போது வெலிமடையிலிருந்து மரக்கறித் தோட்டம் செய்யும் ஒருவர் கேட்கிறார். 46,000 க்கு இறங்கிவிட்டோம். புத்தளத்துத் தம்பி சொன்ன மாதிரியே வீடியோவில் ஓட்டிக் காட்டினேன், சீலில் கசிகிறதா என்று அவரே கேட்டார். அவருடைய மச்சான் வவுனியாவில் வேலை செய்கிறாராம், அவரை அனுப்பலாம் என்கிறார். ஆனால் காசை வேறொருவரின் கணக்கிலிருந்து போடட்டுமா என்று கேட்கிறார். அதில் பிரச்சினை வருமா?

கவுண்டர் அண்ணா:

வரலாம். மூன்றாம் ஆளின் காசு அவர் தெரிந்து அனுப்பியதா, அவரை ஏமாற்றி எடுத்ததா என்று உங்களுக்குத் தெரியாது. அவர் பொலிஸில் முறையிட்டால் விசாரணை காசு போன கணக்குக்குத்தான் முதலில் வரும், உங்கள் கணக்கை முடக்கவும் கூடும். கணக்கிலிருந்து போடுவதென்றால், வாங்குபவரின் பெயரும் அந்தக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

மச்சான் வவுனியாவில் இருப்பது நல்ல வசதி. வேலை நாளில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில், உங்கள் வங்கியின் வவுனியாக் கிளைக்கு வரச் சொல்லுங்கள். பம்பியை முதலில் வெளியில் காட்டுங்கள். ஒரு வாளி தண்ணீரும் குழாயும் கொண்டுபோனால், தண்ணீரை அதே வாளிக்குள் திருப்பி விட்டு அங்கேயே கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கலாம். பிறகு மச்சான் காசைக் கவுண்டரில் உங்கள் கணக்குக்குக் கட்டட்டும். கள்ள 5,000 தாள் இருந்தால் காசாளர் அங்கேயே பிடித்துவிடுவார், நீங்களும் கையில் அவ்வளவு காசோடு பஸ் ஏறத் தேவையில்லை. தெருவோரத்தில் காசு எண்ணி வாங்க வேண்டாம்.

மாங்குளம் பெட்டிக்கடை:

ஒரு விற்பனைத் துண்டும் எழுதுங்கள் அக்கா. இரண்டு பேரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், என்ஜின் இலக்கம், விலை, தேதி, இரண்டு கையெழுத்து. பம்பி களவு போகிற ஊர்களில் வழியில் பொலிஸ் மறித்தால் அந்தத் துண்டு மச்சானுக்கு உதவும். பிறகு பிரச்சினை வந்தால் உங்களுக்கும் உதவும். ஏற்ற முதல் டாங்கியையும் காபரேட்டரையும் வடித்துவிடுங்கள், மண்ணெண்ணெயோடு பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள்.

விசுவமடு தோட்டக்காரி:

அவருக்கு இப்படி எழுதி அனுப்பப் பார்க்கிறேன். சரியா என்று சொல்லுங்கள்:

"அண்ணா, பம்பி வீடியோவில் பார்த்ததுதான், என்ஜின் இலக்கம் படத்தில் இருக்கிறது. விலை 46,000. இப்போது 3,000 முற்பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்து போடுங்கள். அது வந்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுவேன். மச்சான் வவுனியாவில் ஓட்டிப் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் முற்பணத்தை அன்றைக்கே அதே கணக்குக்குத் திருப்பிப் போடுவேன். பிடித்தால் மிச்சம் 43,000 ஐ வங்கிக்குள் என் கணக்கில் கட்டட்டும். என் ஆப்பில் காசு தெரிந்ததும் பம்பியைக் கொடுப்பேன். அதன் பிறகு திருப்பி எடுக்க மாட்டேன்."

புத்தளத்துத் தம்பி:

நானென்றால் இதற்கு உடனே ஓம் சொல்லுவேன். இரண்டு விசயம் சேருங்கள். மச்சானின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் முதலே வர வேண்டும், அந்த அட்டையோடு வருபவரிடம்தான் கொடுப்பேன் என்று எழுதுங்கள். குழாயும் புட்வால்வும் விலைக்குள் சேர்ந்ததா இல்லையா என்பதையும் எழுதுங்கள், வவுனியாவில் வந்து நின்றுகொண்டு சண்டை பிடிப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

விசுவமடு தோட்டக்காரி:

புட்வால்வ் சேரும், குழாய் சேராது. இரண்டையும் எழுதி இப்போதே அனுப்புகிறேன்.