ஸ்கோர் ஒப்பித்தால் தன்னம்பிக்கை ஆகிவிடாதாம்!

வெள்ளைக்காகம்:
போன வாரம் வேறொரு இழையில் என் மகன் கதையை நான் சுருக்கமாகச் சொன்னதும் தராசுமுள் போகிற போக்கில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்: "ஆட்டிசம் உள்ள பிள்ளை கிரிக்கெட் ஸ்கோர் ஒப்பிப்பது கிளிப்பேச்சு. அதைத் தன்னம்பிக்கை என்பது பெற்றவர்களின் ஆசை." அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன், கோபத்தில் விரல் ஓடவில்லை.

என் மகனுக்குப் பதினொரு வயது. வெளியாள் யாராவது பெயர் கேட்டாலே என் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். இரண்டு மாதம் முன்பு மருத்துவமனையில் காத்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் கைப்பேசியில் 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் கடைசி ஓவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் மெல்ல நகர்ந்து அவர் தோள் பக்கம் போய் நின்றான். "அடுத்த பந்து சிக்ஸ்" என்றான். சிக்ஸ்தான். பெரியவர் திரும்பி, "தோனி ஜெயிச்சுக் கொடுத்துட்டாரு பாத்தியா" என்றார். இவன், "இல்ல. கம்பீர் 97" என்றான்.

அந்த "இல்ல" இருக்கிறதே! முன்பின் தெரியாத ஒருவரிடம் அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே கிடையாது. யாரும் கேட்காமல் அவனாகவே போய்ப் பேசினான். இதுவா கிளிப்பேச்சு?

தராசுமுள்:
அம்மா, போன வாரம் நீங்கள் எழுதியது இது: "பெரியவர் என்ன ஆச்சு என்று கேட்டார், மகன் சொன்னான்." இன்றைக்கு "யாரும் கேட்காமல் அவனாகவே". ஒரே வாரத்தில் கதை வளர்ந்திருக்கிறது. கேட்டதற்குப் பதில் சொல்வது வேறு, தானாகப் பேச்சைத் தொடங்குவது வேறு. பதினாறு வருடமாக இந்தப் பிள்ளைகளோடுதான் என் வேலை. ஒரே விஷயத்தில் மூழ்கிக் கிடப்பதை 2013-இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடு, ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது, சாதனைப் பட்டியலில் அல்ல. என் கேள்வி ஒன்றே ஒன்று: யார் முதலில் பேசியது?

நாலாவது ஸ்டம்பு:
பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சேவாக் இரண்டாவது பந்திலேயே போன பிறகு வந்து 122 பந்து நின்றவர் கம்பீர். அவர் இல்லையென்றால் தோனி எங்கே சிக்ஸ் அடிப்பது?

புதுப்பேனா:
தன்னம்பிக்கை என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிவிடலாமா? அந்நியரிடம் பேசுவதா, தோற்றாலும் கலங்காமல் இருப்பதா, தனக்குத் தெரியும் என்ற நிம்மதியா? மூன்றும் வேறு வேறு.

வெள்ளைக்காகம்:
தராசுமுள் சார், "என்ன ஆச்சு" என்று பெரியவர் கேட்டது கைப்பேசியைப் பார்த்து. வீடியோ சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது, அதைக் கேட்டார். என் மகனைக் கேட்கவில்லை. வீடியோ திரும்ப ஓட ஆரம்பித்ததும்தான் இவன் பேசினான்.

தராசுமுள்:
ஆக, அவர் பேசினார். அதற்குப் பிறகு இவன் பேசினான். நான் சொன்னதும் அதுதான்.

வெள்ளைக்காகம்:
கைப்பேசியிடம்!

தராசுமுள்:
யாரிடம் என்பது உங்கள் ஊகம். பேசினாரா இல்லையா?

ரிசர்வ்டே அப்பா:
நீதிமன்றமா நடத்துகிறீர்கள்? என் பெயரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2019 உலகக் கோப்பை அரையிறுதி, நியூசிலாந்தோடு. ஜூலை 9-ஆம் தேதி மழையால் ஆட்டம் பாதியில் நின்றது. மீதியை மறுநாள், அதற்கென்றே ஒதுக்கிய ரிசர்வ் டேயில், ஆடுவார்கள் என்றதும் என் பையன் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து அழுதான். "இன்னைக்கு மேட்ச் இன்னைக்கு முடியணும்." அவனுக்கு அப்போது ஏழு வயது. மறுநாள் ஆட்டம் விட்ட ஓவரிலிருந்தே தொடர்ந்ததைப் பார்த்தான். இந்தியா 18 ரன்னில் தோற்றது. ஆனால் அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. நின்றது தொடர்கிறது, அதுதான் அவனுக்குப் புதுசு.

அப்புறம் அந்த வார்த்தையை வீட்டில் பிடித்துக்கொண்டோம். பல் டாக்டர் இன்று வரவில்லையா? ரிசர்வ் டே. மழையால் நீச்சல் வகுப்பு இல்லையா? ரிசர்வ் டே. முதலில் நாங்கள் சொன்னோம். ஆறு மாதம் கழித்து வகுப்பில் டீச்சர் தேர்வைத் தள்ளிவைத்தபோது, அழுதுகொண்டிருந்த இன்னொரு பையனிடம் போய் இவன் சொல்லியிருக்கிறான், "அழாத, ரிசர்வ் டே இருக்கு." இதையும் கிளிப்பேச்சு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தராசுமுள்:
நீங்கள் சொல்லிக் கொடுத்த வார்த்தை, நீங்கள் காட்டிய சூழல். அழகான பயிற்சி, பாராட்டுகள். அதில் கிரிக்கெட்டுக்கு என்ன பங்கு? ரயில் தாமதத்தை வைத்தும் இதைச் செய்திருக்கலாம். நான் வெள்ளைக்காகம் அம்மாவிடம் கேட்டது இன்னும் பதிலில்லாமல் கிடக்கிறது.

மூன்றாம் மாடி:
நான் தராசுமுள் பக்கம் என்று நினைக்க வேண்டாம், ஹெட்போன் இழையில் அவர் என்னைப் பேசிய பேச்சை இன்னும் மறக்கவில்லை. ஆனால் எல்லோரும் வெற்றிக் கதையே சொல்கிறீர்கள். என் மகள் ஆதரிக்கும் அணி தோற்றால் இரண்டு நாள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேச முடியாது. விக்கெட் விழுந்து கூட்டம் கத்தினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இப்போது ஒலியை அணைத்துவிட்டு ஸ்கோர் மட்டும் பார்க்கிறோம். அவளே நோட்டில் பந்து பந்தாக எழுதுகிறாள். அப்படி இருந்தால் தோல்வியைக்கூடத் தாங்குகிறாள், கடைசிப் பந்தையும் எழுதிவிட்டுக் கீழே கோடு போட்டு நோட்டை மூடிவைத்துவிடுவாள். விளையாட்டு உதவியதா, நோட்டு உதவியதா, எனக்குத் தெரியாது.

தராசுமுள்:
ஹெட்போன் விஷயத்தில் நான் சொன்னது, நாள் முழுக்கப் போட வேண்டாம் என்பது மட்டும்தான். அதைப் போடவே கூடாது என்று திரித்தது நீங்கள். போகட்டும்.

மூன்றாம் மாடி:
"சோம்பேறித்தனமான வளர்ப்பு" என்று எழுதியதும் நான்தானோ?

ஏழாம் எண் ரசிகன்:
கம்பீர் கம்பீர் என்று குதிப்பவர்களுக்கு. அவர் அவுட் ஆனபோது ஸ்கோர் 223. இன்னும் 52 ரன் வேண்டும். யார் அடித்தது, அம்பயரா? 79 பந்தில் 91 நாட் அவுட், ஆட்ட நாயகனும் தோனிதான். பையன் பாவம், யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நாலாவது ஸ்டம்பு:
யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை ஐயா, அவன் ஸ்கோர்கார்டு படித்திருக்கிறான். நீங்களும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சன்னலோரம்:
எனக்கு முப்பத்து நாலு வயது. இருபத்தாறு வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. பள்ளியில் மற்றவர்கள் எப்போது சிரிக்கிறார்கள், ஏன் சிரிக்கிறார்கள் என்பதே எனக்குப் புரியாது. அதற்கான விதிகளை யாரும் எழுதிவைக்கவில்லை. கிரிக்கெட்டில் எழுதிவைத்திருந்தார்கள், மொத்தம் 42. எல்பிடபிள்யூ, அதாவது ஸ்டம்புக்குப் போகும் பந்து காலில் பட்டால் அவுட் என்பது, அப்போது 36-ஆவது விதி, இப்போதும் அதேதான். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தினால் அவுட் கிடையாது என்று நான் சொன்னபோது வகுப்பே சண்டையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. முதல்முறையாக எல்லோரும் பார்த்தபோது எனக்கு ஓடத் தோன்றவில்லை. அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதேதான்.

ஏழாம் எண் ரசிகன்:
கம்பீரும் தோனியும் சேர்ந்து எடுத்தது 109. அதில் பாதி யாருடையது என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள், நாலாவது ஸ்டம்பு.

ரிசர்வ்டே அப்பா:
சன்னலோரம் சார் எழுதியதை யாராவது படித்தீர்களா?

தராசுமுள்:
படித்தேன். வளர்ந்தவரின் நினைவு, மதிக்கிறேன். பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நேரில் பார்த்ததுதான் கணக்கு. நேரில் பார்த்த அம்மா இரண்டு விதமாகச் சொல்கிறார். அதனால்தான் கேட்கிறேன். ஒருவர் வாயைத் திறந்த பிறகு பிள்ளை பேசினால் அது எதிர்வினை. அமைதியில் பிள்ளையே வாயைத் திறந்தால்தான் தொடக்கம்.

வெள்ளைக்காகம்:
ஒப்பிப்பதையும் திருப்பிச் சொல்வதையும் வெறும் சத்தம் என்று ஒதுக்கக் கூடாது, அதற்குள்ளேயே பிள்ளை எதையோ சொல்ல வருகிறது என்று அமெரிக்கப் பேச்சு-மொழி ஆய்வாளர் பேரி பிரிசான்ட் 1980-களிலேயே எழுதிவிட்டார். பதினாறு வருட அனுபவத்தில் அது கண்ணில் படவில்லையா சார்?

தராசுமுள்:
பட்டது. அவர் எங்கும் யார் முதலில் பேசியது என்பது முக்கியமில்லை என்று எழுதவில்லை.

புதுப்பேனா:
அப்போது தன்னம்பிக்கை என்றால் முதலில் பேசுவது என்று முடிவாகிவிட்டதா? யார் முடிவு செய்தது?

நாலாவது ஸ்டம்பு:
அந்த இறுதிப் போட்டி நடந்தது ஏப்ரல் 2. ஐ.நா. அறிவித்த ஆட்டிசம் விழிப்புணர்வு நாளும் அதே ஏப்ரல் 2. பையனுக்குத் தெரியுமா?

வெள்ளைக்காகம்:
அவன்தான் எனக்கே சொன்னான்.

தராசுமுள்:
கேட்டதற்கா, தானாகவா?

மூன்றாம் மாடி:
ஐயோ.

வெள்ளைக்காகம்:
சரி, இதை முடித்துவிடலாம் என்று இப்போது அவனிடமே கேட்டேன். "அன்னைக்கு ஆஸ்பத்திரில யாருடா முதல்ல பேசினது, நீயா, அந்தத் தாத்தாவா?" கொஞ்ச நேரம் யோசித்தான். "ரவி சாஸ்திரி" என்றான்.

தராசுமுள்:
இது என் கேள்விக்குப் பதில் இல்லை.

ஏழாம் எண் ரசிகன்:
அந்த வீடியோவில் ரவி சாஸ்திரி சொல்லும் கமெண்ட்ரியிலும் தோனி பெயர்தான் வரும், கம்பீர் பெயர் வராது. சும்மா ஞாபகப்படுத்தினேன்.