ஸ்மார்ட் ஃபிலிமில் பால் கோடு: மடிப்பா, ஈரமா?

கேள்வி (கண்ணாடிக்கடை, செங்கோட்டை):
ஆரியங்காவு தாண்டி, புனலூரில் ஒரு பல் மருத்துவமனைக் கதவுக்கு ஸ்மார்ட் ஃபிலிம் ஒட்டிக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டால் தெளியும், அணைத்தால் பால் நிறமாகும், அந்த ரகம். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை முடிந்ததும் போன் வந்தது. போய்ப் பார்த்தால் கீழ் மூலையில் சாய்வாக ஒரு கோடு, கரண்ட் கொடுத்தாலும் அதற்கு அந்தப் பக்கம் வெளுப்பாகவே நிற்கிறது. மேலே ஃபிலிமுக்குக் கரண்ட் கொடுக்கும் காப்பர் டேப் பச்சை பூத்திருக்கிறது, அதையொட்டி விரலகலத்துக்கு மங்கல். டிரான்ஸ்ஃபார்மரில் 60 வோல்ட் சரியாக வருகிறது. நான் ஒட்டிய வேலை இப்படி நிற்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. முழுசாக மாற்றாமல் வழி உண்டா?

பதில் (பூச்சு ஆய்வகம், பாலக்காடு):
அண்ணாச்சி, இரண்டும் வேறு வேறு கோளாறு. ஃபிலிமுக்குள் இரண்டு பிஇடி பிளாஸ்டிக் தாள், அவற்றின் உள்முகத்தில் ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) என்ற, கரண்ட் கடத்தும் ஒளி ஊடுருவும் பூச்சு. அது ஒரு ஆக்சைடு. அப்பளம் மாதிரி, வளைத்தால் நொறுங்கும். தாளின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் நீட்சி தெரியும். 0.188 மி.மீ. தாள் 5 மி.மீ. ஆரத்தில் வளைந்தால் கிட்டத்தட்ட 1.9 சதவீதம். ஐடிஓ 2 சதவீதத்தை ஒட்டி விரிசல் விட்டுவிடும். சுருட்டி வைக்கும் குழாயால் இது வராது, 50 மி.மீ. ஆரத்தில் 0.2 சதவீதம்கூட இல்லை. எங்கோ மடங்கியிருக்கிறது. பார்சல் எப்படி வந்தது? அப்புறம், பிரேம் ஓரத்தில் பூசிய சிலிகான் எது?

செங்கோட்டை:
பார்சல் குழாயின் ஒரு முனை நசுங்கித்தான் வந்தது. சிலிகான் அங்கிருந்த தச்சர் பூசியது, புளித்த வாடை அடித்தது.

பாலக்காடு:
அதுதான். அந்த ரகம் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், மழை ஈரமும் சேர்ந்தால் செம்பு பச்சை பூக்கும். அந்த அமிலம் விடாத நியூட்ரல் சிலிகான் மட்டுமே பூசச் சொல்லுங்கள். மேல் ஓரத்தைக் காப்பாற்றலாம்: டேப்பை உரித்து, கெட்ட பகுதியை வெட்டி, நல்ல ஐடிஓ தெரியும்வரை ஸ்பிரிட்டால் துடைத்து, சில்வர் பேஸ்ட் வைத்து புது டேப் போடுங்கள். மூலைதான் சிக்கல். மடிப்பு அறைப் பக்கம் புடைத்திருந்தால் இழுபட்டது கண்ணாடிப் பக்கத்து ஐடிஓ. அது மட்டும் விரிந்திருந்தால், மூலையில் அறைப் பக்கத்துத் தாளைக் கொஞ்சம் உரித்து, அங்கே தெரியும் கண்ணாடிப் பக்கத்து ஐடிஓவிலிருந்து அதற்கு வரும் அதே வயருக்கு ஒரு இணைப்பு கொடுங்கள், தெளியும். இரண்டும் போயிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பதில் (டச் பேனல் வேலை, களியக்காவிளை):
மாற்றுவதென்றால், ஐடிஓவுக்குப் பதில் மிக மெல்லிய வெள்ளிக் கம்பிகள் கரண்ட் கடத்தும் வெள்ளி நானோ கம்பி ஃபிலிமும் உண்டு, அது வளைவைத் தாங்கும். ஆனால் காற்றில் கந்தக வாயு இருந்தால் வெள்ளி கறுத்து மின்தடை ஏறும், ஈரம் அதை வேகப்படுத்தும். சாக்கடை பக்கத்து இடத்தில் மேல்பூச்சு இல்லாமல் போடவே கூடாது. அசையாத கதவுக் கண்ணாடிக்கு ஐடிஓவே போதும் அண்ணாச்சி, இனி நசுங்கிய குழாயைக் கையெழுத்துப் போட்டு வாங்காதீர்கள்.